எத்தனை கட்டைக்கு எவ்வளவு வேகம்? சுருதியும் சாம்பிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எனக்கு இரண்டு வேலை. கல்யாணம், கோயில் உற்சவம் என்று எப்போதோ பதிவு செய்த கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருவது ஒன்று. கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு நாயனம் (நாதஸ்வரம்), தவில், வீணை சாம்பிள் எடுத்துத் தருவது இன்னொன்று. இரண்டிலும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகம்தான் வருகிறது: சுருதியை இவ்வளவு நகர்த்த வேண்டும் என்றால் ஓடும் வேகத்தை எவ்வளவு மாற்ற வேண்டும்? போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலை எழுதிவிட்டேன்.

சாம்பிள்னா என்ன சார்? அதை வேகமா ஓட்டினா சுருதி ஏன் ஏறுது?

ஒரு வாத்தியத்தின் ஒரு சுரத்தையோ ஓர் அடியையோ தனியாகப் பதிவு செய்து வைத்தால் அதுதான் சாம்பிள். சத்தம் என்பது காற்றின் அதிர்வு. வினாடிக்கு 240 முறை அதிர்ந்தால் அது ஒரு சுருதி. அந்தப் பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால், இரண்டு வினாடியில் வரவேண்டிய 480 அதிர்வும் ஒரே வினாடியில் வந்துவிடும். காதுக்கு அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி).

பாதி வேகத்தில் ஓட்டினால் 120, அதாவது கீழ் ஸ்தாயி. இந்த இரண்டும் யாருக்கும் குழப்பமில்லை. நடுவில் இருக்கிற சுரங்களுக்குக் கணக்குப் போடும்போதுதான் தகராறு.

ஒரு கட்டை ஏத்தணும். எவ்வளவு வேகம் கூட்டணும்?

முதலில், எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டைக்கு என்று சொல்லுங்கள். நம் கட்டைக் கணக்கு ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்தது. ஒன்று முதல் ஏழு வரை வெள்ளை. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை கருப்பு. மூன்றரை கிடையாது, ஏழரையும் கிடையாது (ஏழரை வேண்டாம் என்று யாரோ நல்ல மனதோடுதான் விட்டிருக்கிறார்கள்). மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கருப்புக் கட்டையே இல்லை.

அதனால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் இரண்டு படி. மூன்றிலிருந்து நாலுக்குப் போனால் ஒரே படி. இரண்டையும் "ஒரு கட்டை" என்றுதான் சொல்கிறோம். கருப்பு வெள்ளை பாராமல் அடுத்தடுத்த கட்டைக்கு உள்ள தூரத்தைக் கீபோர்டுக்காரர்கள் செமிடோன் என்கிறார்கள். கணக்கெல்லாம் செமிடோனில்தான். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. நாலரைப் பதிவை ஐந்தரைக்கு ஏற்றவேண்டும் என்றால் இரண்டு செமிடோன். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

பன்னிரண்டு படியில இரண்டு மடங்கு ஆகுதுன்னா, ஒரு படிக்கு 8.33 சதவீதம்தானே?

இல்லை. என்னிடம் வருகிற தவறுகளில் பாதி இந்த ஒரே இடத்தில்தான் விளைகிறது. நானும் முதன்முதலில் எடுத்த வீணை சாம்பிளை இப்படித்தான் கணக்குப் போட்டு ஒரு கீபோர்டில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் "ஸ ரி க" வாசித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என்ன புது மேளகர்த்தாவா?" என்றார்.

100 ரூபாய் கடன் வாங்குகிறீர்கள். வட்டிக்கு வட்டி. சரியாகப் பன்னிரண்டு மாதத்தில் 200 ஆக வேண்டும். மாத வட்டி என்ன? 8.33 போட்டால் வருடக் கடைசியில் 261 ரூபாய் கட்ட வேண்டிவரும், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் வட்டி முந்தைய மாதத் தொகையின் மேல் ஏறுகிறது. சரியான வட்டி 5.946 சதவீதம். முதல் மாதம் 105.95, இரண்டாம் மாதம் 112.25, பன்னிரண்டாம் மாதம் 200. சுருதியும் அப்படியே. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் 1.05946 மடங்கு. இது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வரியின் விரிவுதான்.

கால்குலேட்டர்ல எப்படிப் போடறது?

வேகம் = 2-இன் அடுக்கு (செமிடோன் ÷ 12). போன் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அடுக்குப் பொத்தான் வரும். ஐந்து செமிடோன் வேண்டுமா? முதலில் 5 ÷ 12, அதாவது 0.41667. பிறகு 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 1.3348. அடுக்குப் பொத்தான் இல்லாத கடைக் கால்குலேட்டர் என்றால் 1.05946-ஐ ஐந்து முறை பெருக்குங்கள், அதே விடைதான்.

அடிக்கடி தேவைப்படுவதால் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 1 செமிடோனுக்கு 1.0595, 2-க்கு 1.1225, 3-க்கு 1.1892, 4-க்கு 1.2599, 5-க்கு 1.3348, 6-க்கு 1.4142, 7-க்கு 1.4983, 8-க்கு 1.5874, 9-க்கு 1.6818, 10-க்கு 1.7818, 11-க்கு 1.8877, 12-க்கு 2.

பன்னிரண்டேகால் சதவீதம் ஏத்தினேன். திரும்ப அதே பன்னிரண்டேகால் இறக்கினா பழைய இடத்துக்கு வரலையே?

வராது. 100 ரூபாய்ப் புடவைக்குப் பத்து சதவீதம் விலை ஏற்றி, அப்புறம் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 99 ரூபாய் ஆவது போல. இரண்டு செமிடோன் ஏற்ற 1.1225. இறக்க 1-ஐ 1.1225-ஆல் வகுக்க வேண்டும்: 0.8909. அதாவது இறக்கும்போது 10.91 சதவீதம்தான். 12.25 இறக்கினால் கால் செமிடோன் கீழே போய் நிற்கும், தம்பூராவோடு சேர்த்துக் கேட்டால் உடனே தெரியும்.

சூத்திரத்தில் செமிடோனுக்கு முன்னால் மைனஸ் போட்டாலும் இதே விடை வரும். ஒன்று இறக்க 0.9439, மூன்று இறக்க 0.8409, ஐந்து இறக்க 0.7492, ஏழு இறக்க 0.6674.

ஒரு சாப்ட்வேர் சதவீதம் கேட்குது, இன்னொண்ணு பெருக்கம் கேட்குது. ரெண்டும் ஒண்ணா?

ஒன்றுதான், எழுதும் விதம்தான் வேறு. 1.1225 மடங்கு என்பதைச் சிலது +12.25 என்று கேட்கும், சிலது 112.25 என்று கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலி சாப்ட்வேரில் பெருக்கத்துக்கு ஒரு பெட்டியும் சதவீதத்துக்கு ஒரு பெட்டியும் பக்கத்திலேயே இருக்கும்; ஒன்றில் போட்டால் மற்றது தானாக மாறும். சந்தேகமாக இருந்தால் இரண்டு மடங்கு போட்டுப் பாருங்கள். மேல் ஸ்தாயி கேட்டால் சரியான பெட்டி.

நாட்டிய வகுப்புக்குப் பாட்டை ரெண்டு செமிடோன் ஏத்தித் தந்தீங்க. பிள்ளைங்க மூச்சு வாங்குதுங்களே?

டீச்சர், வேகத்தால் சுருதியை ஏற்றினால் தாளமும் அதே விகிதத்தில் ஏறும். பாட்டின் நீளத்தை வேகத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். நாலு நிமிடம், அதாவது 240 வினாடி, 1.1225-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 214 வினாடி. மூன்று நிமிடம் 34 வினாடி. இருபத்தாறு வினாடி போய்விட்டது. நடுக்காலத்தில் ஆடிப் பழகிய அடவு எல்லாம் ஓட்டமாகத்தான் இருக்கும். அப்படி ஆகக்கூடாது என்றால் அடுத்த பதிலில் இருக்கிற வழிதான்.

யூடியூப்ல 1.5 வேகம் வச்சாலும் சுருதி மாறலையே. உங்க கணக்கு தப்பா?

கணக்கு சரிதான். யூடியூப் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு வேலை செய்கிறது: வேகத்தை ஏற்றுகிறது, ஏறிய சுருதியைப் பழைய இடத்துக்கு இறக்கியும் விடுகிறது. சத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, சில துண்டுகளைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை ஒன்றோடொன்று ஒட்டுவது போன்ற வேலை அது. சுருதி ஏறாமல் நீளம் குறையும். இதையே மறுபக்கமாகச் செய்தால் நீளம் மாறாமல் சுருதி ஏறும். டீச்சருக்கு வேண்டியது அதுதான்.

அந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் யூடியூபின் வேகப் பட்டியலே ஒரு சுர வரிசையாக இருந்திருக்கும். 1.25 அந்தர காந்தாரம், 1.5 பஞ்சமம், 2 மேல் ஸட்ஜம், 0.75 மந்தர பஞ்சமம்.

இலவசமாக எதுவும் கிடைக்காது. வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் இரண்டு செமிடோன் வரை வெட்டி ஒட்டுவது தெரியாது. தவிலில் தெரிந்துவிடும். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விழும் ஒவ்வொரு சொல்லும் கத்தி முனை மாதிரி இருக்க வேண்டியது, ஒட்டின இடத்தில் மழுங்கி இரட்டையாகக் கேட்கும். நாயனமும் தவிலும் சேர்ந்த பதிவை நான் வேகத்தால் மட்டுமே நகர்த்துவேன், வெட்டி ஒட்ட மாட்டேன்.

வேகத்தை மாத்தினா சுரமெல்லாம் இடம் மாறி ராகம் கெட்டுடாதா?

கெடாது. கெடாததற்குக் காரணமும் பெருக்கல்தான். ஸட்ஜம் 240, பஞ்சமம் 360, மேல் ஸட்ஜம் 480 அதிர்வு என்று வையுங்கள். வேகத்தை 1.125 மடங்காக்கினால் 270, 405, 540. பஞ்சமம் இப்போதும் ஸட்ஜத்தின் ஒன்றரை மடங்கு. மேல் ஸட்ஜம் இப்போதும் இரு மடங்கு. காது கவனிப்பது இந்த விகிதத்தைத்தான். தோடி தோடியாகவே இருக்கும்.

பெருக்காமல் எல்லாவற்றிலும் 30 அதிர்வைக் கூட்டிப் பாருங்கள்: 270, 390, 510. இப்போது பஞ்சமம் ஸட்ஜத்தின் 1.444 மடங்கு, பிரதி மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் எங்கேயோ தொங்கும். மேல் ஸட்ஜம் 1.889 மடங்கு, அது காகலி நிஷாதம்! பாட்டையே குலைத்துவிட்டோம். நல்லவேளை, டேப்பும் இசைத்தட்டும் கணினியும் வேகத்தை மாற்றும்போது பெருக்கத்தான் செய்யும், கூட்டவே தெரியாது.

ஆனால் ஒன்று. சுரம் கெடாவிட்டாலும் கமகத்தின், அதாவது சுரத்தை அசைக்கும் அசைவின், வேகம் மாறும். தோடியின் காந்தாரம் நிதானமாக அசைவது 1.12 மடங்கில் கொஞ்சம் பதற்றமாகக் கேட்கும். பெரிய வித்வான் ஒருவரின் ஆலாபனையை மூன்று செமிடோன் ஏற்றிக் கேட்டால், சுரஸ்தானம் எல்லாம் சரி, ஆள் மட்டும் அவசரத்தில் இருப்பது போலத் தோன்றும்.

சென்ட்னு ஒண்ணு காட்டுதே, அது என்ன? நிலம் அளக்கிற சென்ட்டா?

பெயர் ஒன்று, அளவும் கிட்டத்தட்ட அதே நினைப்பு. நிலத்தில் நூறு சென்ட் ஒரு ஏக்கர், 33 சென்ட் ஒரு மா. இங்கே நூறு சென்ட் ஒரு செமிடோன், 1200 சென்ட் ஒரு ஸ்தாயி. வேகம் = 2-இன் அடுக்கு (சென்ட் ÷ 1200). ஒரு சென்ட் ஏற்ற 1.00058 மடங்கு. தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஐந்து ஆறு சென்ட் தள்ளியிருந்தால் தம்பூராவோடு வைத்துக் கேட்கும் நல்ல காது சொல்லிவிடும்.

பஞ்சமத்துக்கு 1.5-ன்னு எங்க வாத்தியார் சொன்னார். உங்க பட்டியல்ல 1.4983 இருக்கே?

இரண்டும் சரி, இடம் வேறு. 1.4983 என்பது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படியாக வெட்டியதில் ஏழாவது படி. கீபோர்டின் பஞ்சமம் அது. 1.5 என்பது தம்பூராவோடு அசையாமல் ஒட்டி நிற்கிற பஞ்சமம். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே சென்ட். இதற்காக யாரும் சண்டை போட வேண்டாம்.

சண்டை அந்தர காந்தாரத்தில். கீபோர்டில் 1.2599, தம்பூராவில் 1.25. பதினான்கு சென்ட் வித்தியாசம். தம்பூராவின் ஸட்ஜத் தந்தியே தன்னால் ஒரு காந்தாரத்தை ஒலிக்கும், சுயம்பு காந்தாரம் என்பார்களே, அது 1.25. ஒரு கட்டை சுருதியில் அதன் மேல் கீபோர்டு காந்தாரத்தை வைத்தால் வினாடிக்குப் பத்து தடவை போல ஒரு நடுக்கம் கேட்கும். அதனால் சாம்பிள் தம்பூராவோடு போகவேண்டியது என்றால் நான் பின்னத்தை வைத்துத்தான் வேகம் போடுவேன்: சதுஸ்ருதி ரிஷபம் 9/8, சாதாரண காந்தாரம் 6/5, அந்தர காந்தாரம் 5/4, சுத்த மத்யமம் 4/3, பஞ்சமம் 3/2, சதுஸ்ருதி தைவதம் 5/3, காகலி நிஷாதம் 15/8. பின்னம்தான் வேகம், அடுக்குப் பொத்தானே வேண்டாம். கிட்டாரும் கீபோர்டும் கூட வருகிற மெல்லிசை என்றால் நாலாம் கேள்வியின் பட்டியல்.

இந்த வாதம் நம் ஊரில் புதிதல்ல. 1917-இல் தஞ்சாவூரில் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் ஆபிரகாம் பண்டிதர் ஸ்தாயியை 24 சம சுருதியாகப் பிரிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு வாதாடியிருக்கிறார். அவர் கணக்கில் ஒரு சுருதிக்கு வேகம் 1.0293 மடங்கு, அதாவது நம் 50 சென்ட். கால்குலேட்டர் இல்லாத காலத்தில்.

ஒரே ஒரு 'ஸ' பதிவை எடுத்து கீபோர்டு முழுக்கப் பரப்பினேன். மேலே போகப் போக நாயனம் பீப்பீ பொம்மை மாதிரி கேட்குது. ஏன்?

வேகத்தை ஏற்றும்போது சுருதி மட்டும் ஏறுவதில்லை, வாத்தியமே சுருங்குகிறது. ஆச்சா மர உளவும் (குழல்) அணசும் (அடியில் விரிந்த வாய்) சேர்ந்து சில அதிர்வுகளைத் தூக்கிக் காட்டும். வித்வான் ஸட்ஜம் வாசித்தாலும் பஞ்சமம் வாசித்தாலும் குழல் அதேதான், தூக்கிக் காட்டும் இடமும் பெரிதாக நகராது. சாம்பிளை 1.5 மடங்கில் ஓட்டினால் அந்த இடமும் 1.5 மடங்கு மேலே போகிறது. காது என்ன நினைக்கும்? குழலின் நீளம் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது என்று. நீளமான பாரி நாயனத்தைப் பதிவு செய்து ஏற்றினால் குட்டையான திமிரி நாயனம் கிடைக்கும் என்று ஒருவர் ஆசைப்பட்டார். கிட்டத்தட்ட அந்தச் சாயல் வரும், ஆனால் கூடவே ஊதுகிறவரின் மூச்சும் வாயும் சுருங்கிவிடும். திமிரி ஊதுகிறவர் சின்னப் பிள்ளை இல்லையே.

என் வழக்கம்: மூன்று செமிடோனுக்கு ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவும் ஒரு படி மேலே, ஒரு படி கீழே மட்டும் நகரும், 0.9439-இலிருந்து 1.0595-க்குள். நாயனத்துக்கு அதற்கு மேல் இழுத்தால் எனக்குப் பிடிக்காது. வீணை கொஞ்சம் பொறுக்கும். அப்புறம், கமகத்தோடு வாசித்த சுரத்தைச் சாம்பிளாக எடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டையிலும் அசைவின் வேகம் வேறு வேறாகி, ஒரு பாட்டுக்குள் பத்து பேர் வாசிப்பது போல ஆகும். நேராக நிறுத்தி வாசித்த சுரம் எடுங்கள்.

சாம்பிள்ல வாசிச்சது இரண்டரைக் கட்டை. கீபோர்டுல ஒண்ணாம் கட்டையை அழுத்தினா இரண்டரை கேட்குது. சாம்பிள் கெட்டுப்போச்சா?

சாம்பிள் நன்றாக இருக்கிறது. இந்தப் பதிவு எந்தக் கட்டைக்கு உரியது என்று கருவியிடம் நீங்கள் சொல்லவில்லை. அதை ரூட் கீ என்பார்கள். மிடி எண்ணில் (கருவிகள் ஒவ்வொரு கட்டைக்கும் வைத்திருக்கும் எண்) நடு ஒன்றாம் கட்டை 60, இரண்டரை 63. ரூட் கீ 63 என்று கொடுத்துவிட்டால், கருவி அழுத்திய எண்ணிலிருந்து 63-ஐக் கழித்து நம் சூத்திரத்தில் போட்டுக்கொள்ளும். ஐந்தாம் கட்டை 67, கழித்தால் 4, வேகம் 1.2599. நாயனம் சீவாளியைப் (வாயில் வைத்து ஊதும் நாக்கு) பொறுத்துச் சரியாக இரண்டரையில் நிற்காமல் பத்து இருபது சென்ட் தள்ளி இருக்கும். அதைப் பக்கத்தில் உள்ள ஃபைன் டியூனில் சரிசெய்யுங்கள்.

தவிலுக்கும் இதே கணக்கா?

கணக்கு அதேதான். ஆனால் தவிலில் மூன்று செமிடோன் இறக்கினால் தவில் பெரிய தவிலாகிவிடும், தொப்பி (இடப்பக்கத் தோல்) முழக்கம் இழுத்துக்கொண்டே போகும். ஒரு செமிடோனுக்கு மேல் நகர்த்தாமல் இருப்பது நல்லது.

அப்பா வாசிச்ச கேசட்டு, ஓட்டினா சுருதி ஏறிக் கேட்குது. எவ்வளவு இறக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இது அதிகம் வரும். பதிவு செய்த அன்று டேப் ரிக்கார்டரில் பேட்டரி இறங்கியிருக்கும். நாடா மெதுவாக ஓடிப் பதிவானதை இன்று நல்ல கருவியில் சரியான வேகத்தில் ஓட்டுகிறோம். அதனால் ஏறிக் கேட்கிறது.

அப்பாவின் நாயனம் எத்தனை கட்டை என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டரை என்று வையுங்கள்; அது 311.1 அதிர்வு. பதிவின் ஸட்ஜத்தை அளந்தால் 338 வருகிறது. 311.1 ÷ 338 = 0.9204. அதுதான் வேகம், வேறு சூத்திரமே வேண்டாம். "எத்தனை செமிடோன் ஏறியிருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு மட்டும் திரும்பிப் போகும் கணக்கு: 39.86 × லாக் (338 ÷ 311.1) = 1.44 செமிடோன்.

கட்டை யாருக்கும் நினைவில்லை என்றால் கரண்ட்டைக் கேட்கலாம். கோயில் மைக் செட் மெயின் கரண்ட்டில் ஓடியிருந்தால் பதிவுக்குள் ஒரு 'ம்ம்ம்' இருக்கும். நம் நாட்டில் அது 50 அல்லது அதன் மடங்கான 100 அதிர்வு. பாட்டு நின்ற இடைவெளியில் அதை அளந்தால் 106 என்று வருகிறது என்று வையுங்கள். 100 ÷ 106 = 0.943, ஒரு செமிடோன் இறக்கினால் சரி. ஆனால் அந்தக் காலத்தில் கரண்ட் எப்போதும் 50-இலேயே நின்றதில்லை, 49-க்கும் அதற்குக் கீழும் இறங்கிய மாலைகள் நிறைய. 49 என்றால் 35 சென்ட் வித்தியாசம். ஆகவே இது கால்வாசி, அரைவாசி செமிடோன் வரைக்கும் தோராயம். மிச்சத்தை அந்த வாசிப்பைக் கேட்டுப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஒருமுறை ஒரு அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் கீழே, அவர் இவ்வளவு அவசரப்பட மாட்டார்" என்றார். சுருதியைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பத்து சென்ட் இறக்கியதும் தலையாட்டினார்.

ஆரம்பத்துல சரியா இருக்கு, முடியறப்ப அரைக் கட்டை ஏறிடுது. ஒரே எண் போட்டா எப்படிச் சரியாகும்?

ஆகாது. பதிவு நடக்க நடக்கப் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஸட்ஜத்தை அளந்து, ஒவ்வொரு இடத்துக்கும் மேலே சொன்ன வகுத்தல். நடுவில் வேகம் மெல்ல மெல்ல மாறும்படி சாப்ட்வேரில் ஒரு கோடு வரையலாம். படிப்படியாக வெட்டினால் வெட்டிய இடத்தில் சுருதி குதிக்கும்.

78 தட்டை ஓட்ட என்கிட்ட 45 வரைக்கும்தான் பிளேயர் இருக்கு.

45-இலேயே (நிமிடத்துக்கு 45 சுற்று) இசைத்தட்டை ஓட்டிப் பதிவு செய்துகொண்டு, கணினியில் 78 ÷ 45 = 1.7333 மடங்காக்குங்கள். ஊசி மட்டும் 78-க்கு உரிய தடித்த ஊசியாக இருக்க வேண்டும். 1.7333 என்பது ஒன்பதரை செமிடோன். பட்டியலில் உள்ள எந்த எண்ணோடும் ஒத்துவராது, வரவேண்டியதும் இல்லை.

78 என்று பெயர் இருந்தாலும் எல்லாத் தட்டும் சரியாக 78-இல் வெட்டப்படவில்லை. மின்மோட்டார் வந்த பிறகு 50 அதிர்வுக் கரண்ட் உள்ள நாடுகளில் 77.92, அமெரிக்காவில் 78.26. அந்த வித்தியாசம் ஏழரை சென்ட்தான். அதற்கு முந்தைய தட்டுகளில் இன்னும் நிறையவே தள்ளும். டி. என். ராஜரத்தினம் பிள்ளை காலத்துத் தட்டை வைத்துக்கொண்டு "அவர் சுருதி இதுதான்" என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்றுதான்.

நீங்க தந்த பைலை வேற சிஸ்டத்துல போட்டா ஒண்ணரை செமிடோன் ஏறிடுதே?

கணினி சத்தத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து வைக்கிறது; நான் தந்தது வினாடிக்கு 44100 புள்ளி. உங்கள் கருவி அதை 48000 என்று நினைத்து ஓட்டுகிறது. 48000 ÷ 44100 = 1.0884, அதாவது 147 சென்ட். வேகத்தைத் தொடாதீர்கள், கருவியின் அமைப்பில் 44100 என்று மாற்றுங்கள். தவறாக ஓடியதையே யாராவது பதிவு செய்து சேமித்துவிட்டால் மட்டும் 0.91875 மடங்கு.

டிவியில் பழைய படப் பாட்டு கொஞ்சம் ஏறிக் கேட்டதாகச் சிலர் சொல்வதும் இதே இனம். படம் வினாடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்). நம் டிவி 25. அப்படியே ஓட்டினால் 1.0417 மடங்கு, 71 சென்ட்.

முதல்ல ரெண்டு ஏத்தினேன், அப்புறம் மூணு ஏத்தினேன். மொத்தத்தைக் கூட்டணுமா பெருக்கணுமா?

செமிடோனைக் கூட்டுங்கள், வேகத்தைப் பெருக்குங்கள். 2 + 3 = 5. 1.1225 × 1.1892 = 1.3348. ஆனால் இரண்டு தடவையாகச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் கணினி புள்ளிகளுக்கு நடுவில் புதுப் புள்ளிகளை ஊகித்து வைக்கிறது. மூலப் பதிவை எடுத்து ஒரே தடவையில் 1.3348 போடுங்கள்.

ஒரு ஸ்தாயி ஏத்தினா நடுவுல சம்பந்தமில்லாம ஒரு கீச்சுச் சத்தம். இறக்கினா போர்வை போர்த்தின மாதிரி இருக்கு. எது தப்பு?

இறக்கும்போது தப்பு ஒன்றும் இல்லை. 44100 புள்ளியில் அதிகபட்சம் 22050 அதிர்வு வரைதான் இருக்கும். பாதி வேகத்தில் அது 11025 ஆகிவிடும். அதற்கு மேலே வெறுமை. 96000-இல் பதிவு செய்து, மைக்கும் அந்த உயரத்தைப் பிடித்திருந்தால் இந்தக் குறை தீரும்.

கீச்சு வேறு கதை. நாயனத்தில் 15000 அதிர்வில்கூடச் சத்தம் உண்டு. இரு மடங்கில் அது 30000 ஆக வேண்டும். 44100-க்குள் அதற்கு இடமில்லை. இடமில்லாதது மடங்கி 44100 − 30000 = 14100-இல் வந்து உட்காரும். பாட்டோடு சம்பந்தமே இல்லாத அதிர்வு. மலிவான சாம்பிளர் செயலிகளில் இது சகஜம். தரம் என்று ஓர் அமைப்பு இருந்தால் உயர்ந்ததை வையுங்கள். மேலே போகக்கூடியதை முன்பே வடிகட்டிவிடும்.

ஸட்ஜத்துலேர்ந்து மேல் ஸட்ஜத்துக்கு ஜாரு போடணும். வேகத்தை ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு நேர்கோட்டுல ஏத்தினா போதுமா?

ஜாரு என்றால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவிடாமல் வழுக்கிப் போவது. போய்ச் சேரும், ஆனால் போகிற வழி கோணலாக இருக்கும். ஒரு வினாடி ஜாரு என்று வையுங்கள். நேர்கோட்டில் ஏற்றினால் பாதி வினாடியில் வேகம் 1.5, அதாவது பஞ்சமத்தைத் தொட்டுவிட்டது; ஏழு செமிடோன் முடிந்து ஐந்துதான் பாக்கி. முதல் பாதியில் ஓடி, இரண்டாம் பாதியில் நடக்கிற ஜாரு. காதுக்குச் சீராக வேண்டும் என்றால் செமிடோனை நேர்கோட்டில் ஏற்றி, ஒவ்வொரு கணத்துக்கும் சூத்திரத்தால் வேகத்தைக் கணக்கிட வேண்டும். அப்போது பாதி வினாடியில் 1.4142, பிரதி மத்யமம், சரியான நடு.

இதில் இன்னொரு பொறியும் உண்டு, சாம்பிளின் நீளம். நேர்கோட்டு ஜாரு ஒரு வினாடிக்குள் சாம்பிளில் 1.5 வினாடியைத் தின்றுவிடும். சீரான ஜாரு 1.44 வினாடியை. உங்கள் சாம்பிள் ஒன்றேகால் வினாடிதான் என்றால் இரண்டிலுமே மேல் ஸட்ஜம் வருவதற்குள் சத்தம் நின்றுபோகும். நாயனக்காரரிடம் பதிவின்போதே மூன்று வினாடி மூச்சுப் பிடிக்கச் சொல்லிவிடுங்கள்.